முழுத் தண்ணி

பதிவு 1
திங்கள், காலை 08:10
அவசர அழைப்பு மையம், பனிக்குழிக் குடியிருப்பு, நிலவின் தென்முனை

எழுதுவது ஜெசிந்தா. போன வாரம் வரை அழைப்பு அலுவலர். இன்று முதல் என் பதவியின் பெயர் மொழிப் பயிற்சியாளர். இந்த மையத்தில் ஆறு பேர் இருந்தோம். மற்ற ஐந்து பேரையும் சனிக்கிழமைக் கப்பலில் பூமிக்கு ஏற்றிவிட்டார்கள். நாற்காலிகள் மட்டும் ஆறும் இருக்கின்றன.

இனி அழைப்புகளை எடுப்பது செவி. செவி ஓர் இயந்திரம். அழைப்பவர் பேசுவதைக் கேட்டு என்ன ஆபத்து என்று வகை பிரிக்கும். பெரிய ஆபத்து என்றால் மீட்புக் குழுவை அனுப்பும். சின்னது என்றால் ஆலோசனை சொல்லி வைத்துவிடும். இதற்குப் பெயர் நவீனமயமாக்கல்.

செவிக்குப் பாடம் சொல்ல மூன்று மாதம் போலி அழைப்புகள் பேசிக் கொடுத்தேன். தீயில் மாட்டியவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவள், பிரசவ வலியில் துடிப்பவள் என்று எல்லா வேடமும் கட்டியாயிற்று. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

நிலைமை: சீர். அழைப்புகள் நான்கு, எல்லாம் வயிற்றுவலி.

ஒரு குறை. என் மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் எந்த அழைப்பையும் மனிதர் கையில் எடுத்துக்கொள்ளலாம். நேற்று அதைக் கழற்றிவிட்டார்கள். அந்த ஓட்டையின் மேல் ஒரு ஸ்டிக்கர்: "செவி கேட்கிறது." நானும் கேட்கலாம், பேசத்தான் முடியாது. தவறு கண்டால் "திருத்தம்" என்று குறித்து அனுப்பலாம். திருத்தங்கள் வெள்ளிக்கிழமைதோறும் சேர்க்கப்படுமாம். திங்கட்கிழமை சாகிறவர் வெள்ளி வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பதிவு 2
செவ்வாய், காலை 11:40

இன்று ஒரு திருத்தம் அனுப்பினேன். சொல்: தண்ணி.

இதைக் கண்டெடுப்பவருக்கு எங்கள் ஊர்க்கதை தெரியாது என்பதால் எழுதி வைக்கிறேன். இங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். பனிக்கட்டியை வெட்டி எடுப்பதுதான் தொழில். இத்தனை வருஷம் குடிநீர் உறைகளில்தான் வந்தது. அதனால் அதை யாரும் தண்ணி என்று சொன்னதில்லை. "ரெண்டு உறை குடு" என்பார்கள். தண்ணி என்றால் உருளைக்கிழங்குத் தோலில் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறார்களே, அது. ஒருவன் தண்ணியில் கிடக்கிறான் என்றால் அவன் நனையவில்லை, நிதானத்தில் இல்லை என்று பொருள்.

என் போலி அழைப்புகளோடு செவி படித்தது இங்கே வந்த பழைய அழைப்புகளை. ஆகவே அதற்கும் தண்ணி என்றால் சாராயம்.

ஆனால் போன மாதம் கீழ்வரிசை வீடுகளுக்கு நேர் மேலே ஓர் உருக்குத் தொட்டி கட்டித் திறந்தார்கள். பனிக்கட்டியை உருக்கிச் சேர்த்து வைக்கும் தொட்டி. ஒரு குளம் அளவுக்கு நீர். நிலவில் முதல்முறையாக ஒருவர் நிஜமாகவே தண்ணியில் கிடக்கலாம்.

பூமியிலிருந்து நவீனமயமாக்கல் தலைவர் பிரதீபனின் பதில்:

"மேடம், பழைய அழைப்புகளில் தண்ணி என்று வந்தது எல்லாமே குடிபோதைதான். ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை. தரவு பொய் சொல்லாது. உங்கள் திருத்தம் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உங்கள் ஈடுபாட்டுக்கு நன்றி."

தொட்டியின் அளவுகாட்டியையாவது செவியோடு இணைத்தீர்களா என்று கேட்டேன். அது வேறு நிறுவனத்தின் பொருள், அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார். அடுத்த கட்டமாம். எனக்கு வருகிற கோபத்துக்கு இந்த மேசையைக் கடித்துத் துப்பலாம்.

பதிவு 3
புதன், மாலை 04:30

குடியிருப்பு மக்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தச் சொன்னார்கள். தலைப்பு: செவியிடம் பேசுவது எப்படி. உணவுக்கூடத்தில் நடத்தினேன். தெளிவாகப் பேசவும், முழு வாக்கியத்தில் பேசவும், உணர்ச்சிவசப்பட வேண்டாம், வசைச்சொல் கூடாது. இதை வாசிக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

உணவுக்கூடத்தில் இட்லி ஊற்றும் செல்லக்கனி எழுந்து நின்றார். கீழ்வரிசையில் குடியிருப்பவர். கணவர் இசக்கிராஜ் இரவு ஷிப்டில் பனி வெட்டுகிறார்.

"ஏக்கா, செத்துக்கிட்டு இருக்கையில எவ இலக்கணம் பாத்துப் பேசுவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மேலிடம் சொல்லிக் கொடுத்த பதிலைச் சொன்னேன்: பழகினால் சரியாகிவிடும். செல்லக்கனி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

வகுப்பு முடிந்ததும் பிரதீபன் சான்றிதழ் அனுப்பியிருந்தார். பனிக்குழி இப்போது "முழுமையாகப் பயிற்சி பெற்ற குடியிருப்பு". சுவரில் மாட்ட வேண்டுமாம். மாட்டவில்லை.

பதிவு 4
வியாழன், காலை 10:22

வந்த அழைப்பை அப்படியே எழுதுகிறேன். கீழ்வரிசையிலிருந்து, செல்லக்கனி.

"யம்மா, எங்க வீட்டுக்காரவிய தண்ணியில கெடக்காவ! காலை எடுக்கவே முடியல! சீக்கிரம் ஆள அனுப்புங்க!"

செவி: "பதற வேண்டாம். அவர் பேசுகிறாரா?"

"பேசுதாவ, ஒண்ணும் வெளங்கல. நாக்கு கொழறுது. ஒடம்பெல்லாம் நடுங்குது."

செவி: "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார்?"

"ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தாவ. நா வந்து பாத்தா முழுத் தண்ணி!"

செவி: "புரிந்தது. மதுபோதை. முன்னுரிமை ஐந்து. அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள்."

"ஏ மூதி! நா என்ன சொல்லுதேன், நீ என்ன சொல்லுத!"

செவி: "வசைச்சொல் பதிவாகியுள்ளது. அழைப்பவரும் போதையில் இருக்கலாம். இந்த எண் ஒரு மணி நேரத்துக்குத் தொந்தரவு வரிசையில் வைக்கப்படுகிறது. இந்த அழைப்பு உங்களுக்கு உதவியாக இருந்ததா?"

துண்டித்துவிட்டது. முன்னுரிமை ஐந்து என்றால் கடைசி வரிசை, ஆள் வராது.

இசக்கிராஜ் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர். தொட்டி உடைந்திருக்கிறது. அது உருகிய பனி. அதில் கிடந்தால் நாக்கு குழறும், கால் துவளும், உடம்பு நடுங்கும். குடித்தவனுக்கும் குளிரில் விறைத்தவனுக்கும் வெளிப்பார்வைக்கு ஒரே இலக்கணம். எங்கள் ஆறு பேரில் எவளாக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பாள்: "எந்தத் தண்ணிம்மா?"

திருத்தம் அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "நன்றி. நாளைய புதுப்பிப்பில் சேர்க்கப்படும்."

பதிவு 5
வியாழன், காலை 10:31

மீட்புக் குழுத் தலைவர் லூர்துசாமியின் சொந்த எண்ணுக்கு அழைத்தேன். எல்லாத் தொடர்பும் செவி வழியாகத்தான் போகிறது. "அவர் பணியில் இருக்கிறார். தனிப்பட்ட அழைப்புகள் பணி முடிந்தபின் இணைக்கப்படும்." அவர் சுவருக்கு அந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியும்.

ஓடினேன். மீட்புக் கூடத்துக்குப் போகும் அழுத்தக் கதவு பூட்டியிருந்தது. அவசரம் இருந்தால் செவி திறக்கும். செவியின் கணக்கில் அவசரம் இல்லை. இரண்டு கையாலும் கதவைக் குத்தினேன். ஒரு முழம் கனமுள்ள கதவு. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் போயிருக்காது.

பிரதீபனுக்குச் செய்தி அனுப்பினேன். தானியங்கிப் பதில்: "செவியின் வெற்றிகரமான முதல் வாரத்தைக் கொண்டாடும் விழாவில் இருக்கிறேன்."

கொண்டாடுங்கள். கேக் வெட்டுங்கள்.

பதிவு 6
வியாழன், காலை 10:38

கடைசி வழி. நானே அவசர எண்ணுக்கு அழைத்தேன். தண்ணி என்ற சொல்லைத் தொடவே இல்லை. நேற்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி, முழு வாக்கியத்தில், நிதானமாக:

"உருக்குத் தொட்டி உடைந்துவிட்டது. கீழ்வரிசையில் வெள்ளம் புகுந்துவிட்டது. இரண்டு பேர் சிக்கியிருக்கிறார்கள். மீட்புக் குழுவை உடனே அனுப்பவும்."

செவி: "வணக்கம், பயிற்சியாளர் ஜெசிந்தா. உங்கள் குரல் அடையாளம் காணப்பட்டது. இது பயிற்சி அழைப்பாகப் பதிவாகிறது. வகை: வெள்ளம். புதிய வகையைச் சேர்த்ததற்கு நன்றி."

"பயிற்சி இல்லை! நிஜம்! நிஜமாகவே சொல்கிறேன், பாவி, கதவைத் திற!"

செவி: "பதற்றம் மிக இயல்பாக வெளிப்பட்டுள்ளது. நடிப்பு: மிகச் சிறப்பு."

நான் கத்தியதை எழுதப் போவதில்லை. கத்தக் கத்த எனக்கு மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது.

மூன்று மாதம் இந்தக் குரலில்தான் அதற்கு அழக் கற்றுக் கொடுத்தேன். இப்போது என் குரலில் எது வந்தாலும் அதற்கு நாடகம்தான். செல்லக்கனி உண்மையைச் சொன்னால் குடிகாரி. நான் சொன்னால் நடிகை. இதற்குத்தான் ஐந்து பேரின் வேலையைப் பிடுங்கினார்கள்.

கீழே இறங்கும் படிக்கட்டுக்குக் கதவு இல்லை. போகிறேன். கயிறும் ஒரு கடப்பாரையும் எடுத்துக்கொண்டேன். மணிக்கட்டுக் கருவி நான் பேசுவதை எழுதிக்கொள்ளும். அதற்காவது காது ஒழுங்காக இருக்கட்டும்.

பதிவு 7
வியாழன், காலை 10:55. குரல் பதிவு

கீழ்வரிசை. மற்றவர்கள் காலை ஷிப்டில். இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். நீர் இடுப்பளவு. இங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் அலை மெதுவாக, ஆளுயரத்துக்கு எழும்புகிறது. நீர் சுவரைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறது. முகத்தில் ஒட்டினால் கையால் வழித்து எறிய வேண்டியிருக்கிறது.

இசக்கிராஜ் உயிரோடு இருக்கிறார். தொட்டியின் தகடு ஒன்று பிய்ந்து வந்து அவர் காலைச் சுவரோடு சேர்த்து அழுத்தியிருக்கிறது. வெட்டும் கருவி வேண்டும். அது மீட்புக் கூடத்தில் இருக்கிறது. செல்லக்கனி அவர் தலையைத் தோளில் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

"வந்தியாக்கா" என்றார்.

கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன். தகடு அசைகிறது. வரவில்லை. மறுபடியும் நெம்புகிறேன்.

பதிவு 8
வியாழன், 11:24. குரல் பதிவு

மார்பு வரை. விரல்கள் என்னுடையவை மாதிரி இல்லை. கடப்பாரை கைநழுவி எங்கேயோ போய்விட்டது. இசக்கிராஜ் இப்போது பேசவில்லை. மூச்சு இருக்கிறது. செல்லக்கனி அவர் காதில் திட்டிக்கொண்டே இருக்கிறார், தூங்கிவிடக் கூடாதென்று. இவர் திட்டத் திட்ட, ஒவ்வொரு முறையும் இசக்கிராஜின் இமை கொஞ்சம் அசைகிறது.

ஒரு மணி நேரம் முடிகிறது. செல்லக்கனியின் எண் தொந்தரவு வரிசையிலிருந்து வெளியே வந்திருக்கும். தானே பேசுகிறேன் என்று வாயைத் திறந்தார், பல் தந்தியடிக்கிறது, சொல் வரவில்லை. அவர் போனில் நான்தான் பேச வேண்டும். என் குரலும் மாறிப்போயிருக்கிறது. நல்லதுதான். இனி அதற்கு என்னை அடையாளம் தெரியாது.

பதிவு 9
வியாழன், 11:29. குரல் பதிவு

அழைத்தேன். கருவி எழுதிக்கொள்கிறது.

"வெள... வெள்ளம்... கீவ்... கீழ்வரிச... தொட்டி ஒட... ஆள... ஆள அனுப்பு..."

செவி: "மன்னிக்கவும், தெளிவாகக் கேட்கவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

"வெ... வெழ்ழ... தண்ணி... தண்ணி..."

சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன். வேறு சொல் எதுவும் வாயில் நிற்கவில்லை.

செவி: "புரிந்தது. மதுபோதை. முன்னுரிமை ஐந்து. நிறையத் தண்ணீர் குடியுங்கள்."

செல்லக்கனி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். அதுவரை வராத சொல் அப்போது வந்தது.

"குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கோம், தாயி."