சாம்பல் சட்டைகள் நீங்கலாக

அன்புள்ள அப்பாவுக்கு, ஷீலா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? முடிச்சூரில் மழையாமே, தண்ணீர் தெருவோடு நின்றுவிட்டதா?

எந்த நாட்டில் தொழிற்சங்கம் பலமாக இருக்கிறது என்று அளந்து ஒப்பிடுவதுதான் இந்த வெளிநாட்டு அலுவலகத்தில் என் வேலை. நூறு தொழிலாளிக்கு எத்தனை பேர் உறுப்பினர் என்று பார்ப்போம். நம் நாட்டுக் கணக்கில் உங்கள் கம்பெனிக்கு நூற்றுக்கு நூறு வந்தது. நீலச் சட்டை போட்ட நிரந்தர ஆட்களை மட்டும் எண்ணினால் வராமல் என்ன? உங்களைப் போன்ற சாம்பல் சட்டைக்காரர்கள் கணக்கிலேயே இல்லை. கேட் மீட்டிங்கில் சங்கச் செயலாளர் உங்களிடம், "நீ கான்ட்ராக்டுப்பா, இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற?" என்று கேட்டதை என் அதிகாரியிடம் சொன்னேன். "அதையெல்லாம் அளக்க முடியாதே" என்றார்.

போன வாரம் எங்கள் அலுவலகத்திலேயே வேலைநிறுத்தம். பதறாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. என்னைப் போன்ற தற்காலிக ஊழியர்களைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். எல்லோரும் வாசலில் கொடி பிடிக்க, நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து சங்கங்களின் பலத்தை அளந்துகொண்டிருந்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். இங்கே குளிர் அதிகம். உங்கள் பழைய சாம்பல் சட்டை ஒன்றை அனுப்புங்கள், ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொள்கிறேன். அளவு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, நிறம் எனக்குச் சரியாக இருக்கும்.

உங்கள் மகள்
ஷீலா