பெரியவள் என்று ஒரு சொல்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று கூட்டமில்லை. குழந்தைகள் செருப்பு அலமாரியைத் துடைத்து, அளவு வாரியாக அடுக்கினேன், ஸ்பானிஷில் எண்ணிக்கொண்டே. முதலாளி பார்த்துவிட்டு, "என்னம்மா, தனியா பேச ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

மதியம் தத்து ஏஜென்சியிலிருந்து போன். எங்களை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நாங்கள் விண்ணப்பித்திருந்த ஸ்பானிஷ் பேசும் நாட்டில், குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் நாலு வயதுப் பையன். ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். என் வீட்டுக்காரர் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேரில் இருந்தார். கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, லைன் கட் ஆகிவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன். பிறகு, "லைன்லதான் இருக்கேன். அழுதுட்டிருக்கேன், இரு" என்றார்.

ஏஜென்சியில் இன்னொன்றும் சொன்னார்கள். பையனுக்கு ஒரு அக்கா இருக்கிறாளாம், பதினோரு வயது. தம்பி மட்டும் போகட்டும் என்று அவளே இல்லத்தில் சொல்லிவிட்டாளாம். நாங்கள் கேட்டதும் ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தைதானே. "சரி, ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று சொல்லி போனை வைத்தேன்.

பிரச்சினை இல்லையா?

மார்ச் 9, ஞாயிறு

கப்பல்காரரிடம் ஸ்பானிஷ் பாடம். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் எட்டு வருடம் கப்பல் சமையலறையில், ஸ்பானிஷ் பேசுகிறவர்களோடு. என்னைவிட மூத்தவர், ஆனாலும் நான் அவருக்கு 'அக்கா'. மெஷின் ஓடும் சத்தத்தில்தான் பாடம்.

இன்று பெரிது, சிறிது, பழையது, இளையது எல்லாம். மண்டை காய்ந்துவிட்டது. கிராந்தே என்றால் பெரிய. வீடும் கிராந்தே, வளர்ந்த பிள்ளையும் கிராந்தே. அக்கா என்று சொல்ல வேண்டுமென்றால் சகோதரி என்று சொல்லி, பின்னால் மயோர் போட வேண்டும், அதாவது வயதில் மூத்த. தம்பிக்கு மெனோர். உருவத்தில் சின்னது பெக்கேன்யோ. ஹோவென் என்றால் இளவயது, அதை நாலு வயதுக் குழந்தைக்குச் சொன்னால் சிரிப்பார்களாம். பழைய வீட்டுக்கு அந்தீகுவா. அதே சொல்லை வீடு என்ற சொல்லுக்கு முன்னால் தூக்கிப் போட்டால், நாம் முன்பு குடியிருந்த வீடு! நமக்கு இந்த வம்பே இல்லை. அக்கா என்றால் அதற்குள்ளேயே வயது இருக்கிறது.

"வயசானவங்களுக்கு?" என்றேன்.

"வியேஹோ. பொம்பளைன்னா வியேஹா. எங்க கேப்டனையே அப்படித்தான்க்கா கூப்பிடுவோம்."

கேப்டனுக்கே அதுதான் என்றால் மரியாதையாகத்தான் இருக்கும் என்று எழுதிக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

மானம் போயிற்று.

முதல் வீடியோ கால். இல்லத் தலைவிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நாம் 'பெரியம்மா' என்போமே, அந்த மாதிரி இருக்கட்டும் என்று 'செனோரா வியேஹா' என்று கைகூப்பினேன். அந்த அம்மாள் முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். நெட் நன்றாகத்தான் இருந்தது. கிழவியம்மா என்று கூப்பிட்டிருக்கிறேன்! மொழிபெயர்க்க வந்திருந்த ஏஜென்சிப் பெண் என்னென்னவோ சொல்லிச் சமாளித்தாள்.

அப்போது திரைக்கு வெளியே யாரோ சிரித்தார்கள், அடக்க முடியாமல், மூக்கால். அவள்தான், அக்கா. தலைவியும் சிரித்துவிட்டு, 'மயோர்' என்று விரலை ஆட்டித் திருத்தினார். பிறகு அவள் உள்ளே வந்து, சரிந்து கிடந்த தம்பியை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, தன் சட்டைக் கையால் அவன் மூக்கைத் துடைத்தாள். எங்களை ஒரு தடவை பார்த்தாள். போய்விட்டாள்.

பையன் அழகு. ஆனால் நான் இப்போது நினைத்துக்கொண்டிருப்பது அவனை இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

கப்பல்காரரைப் பிடி பிடி என்று பிடித்தேன். "கப்பல்ல நான் எந்த பெரியம்மாகிட்டக்கா பேசினேன்?" என்கிறார்.

மார்ச் 22, சனி

வீட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டேன். "ரெண்டு பேரையும் கேட்டா என்ன?"

அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்துதான் பதில் சொன்னார். "சின்னவன் ஒரு வருஷத்துல நம்மள அம்மா அப்பான்னுடுவான். அவளுக்கு அவங்க அம்மா முகம் ஞாபகம் இருக்கும். நம்மள பாத்துக்கிட்டே இருப்பா, எங்க தப்பு பண்றோம்னு."

"பாக்கட்டுமே."

"உனக்குப் பயமா இல்ல?"

இருக்கிறது. பொய் சொல்வானேன்? அவர் பின்வாங்கியதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. நான் கேட்டுப் பார்த்தாயிற்று, பழி அவர் தலையில் போகட்டும் என்று. சீ, என்ன புத்தி இது!

மார்ச் 29, சனி

இன்று வீடியோ காலில் அவளே எங்கள் முன்னால் உட்கார்ந்தாள். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, நான் எழுதிக்கொள்வதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பல் விளக்கிவிட்டேன் என்பான், நம்பாதீர்கள், பிரஷ்ஷைத் தொட்டுப் பாருங்கள். தலைவழியாகச் சட்டை போட்டால் பயப்படுவான், பட்டன் வைத்ததே வாங்குங்கள். அழுதால் உடனே தூக்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள், அவனே வருவான். பாதி எனக்குப் புரிந்தது, மீதியை ஏஜென்சிப் பெண் சொன்னாள். கடைச் சாவியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்கள் சொல்வது மாதிரி சொன்னாள்.

எல்லாம் முடிந்ததும், தட்டுத் தடுமாறிக் கேட்டேன். உனக்கு என்ன வேண்டும்?

"யோ யா சோய் கிராந்தே" என்றாள்.

அவர் என் தோளைத் தொட்டார். "என்ன சொல்றா?"

"அவ பெரியவளாயிட்டாளாம். அவளுக்கு ஒண்ணும் வேணாமாம்."

தம்பியை இறக்கிவிட்டு, நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. அவரும் அதைப் பார்த்தார்.

மார்ச் 30, ஞாயிறு

சமையல் முடித்துவிட்டுப் பார்த்தால் அவர் சின்ன ரூமில் டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறார்.

"பதினோரு வயசுல நீ பெரியவளா இருந்தியா?"

"எனக்கு அப்ப எங்கம்மாதான் தலை பின்னி விட்டாங்க."

"நான் ஹோம்வொர்க் பண்ணாம அடி வாங்கிட்டிருந்தேன்." டேப்பைச் சுருட்டினார். "அலமாரிய ஹாலுக்குத் தள்ளிட்டா ரெண்டு கட்டில் போடலாம்."

"பயம்?"

"அது இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஏப்ரல் 1, செவ்வாய்

ஏஜென்சிக்குப் போனோம். இப்போது மாற்றிக் கேட்டால் எல்லாம் முதலிலிருந்து போக வேண்டுமாம். அதற்குள் பையனைக் கேட்டு வேறு யாராவது வந்துவிட்டால் அவர்கள் பொறுப்பில்லை. "ரெண்டுமே இல்லாம போகலாங்க. நல்லா யோசிச்சுக்கோங்க" என்றாள் அந்தப் பெண், பாவம், கெஞ்சாத குறையாக.

கையெழுத்துப் போட்டோம்.

அவள் விவரங்களை அப்போதுதான் பார்த்தேன். அவள் பெயருக்கு எதிரேயும் மெனோர் என்றுதான் இருக்கிறது. பதினெட்டு வரைக்கும் எல்லாரும் மெனோர்தானாம். யாராவது அவளிடம் சொல்லக் கூடாதா?

வீட்டுக்கு வந்து, வாங்கி வைத்த பட்டன் சட்டைகளை உள்தட்டில் வைத்துப் பூட்டினேன். கண்ணில் பட வேண்டாம்.

மே 11, ஞாயிறு

பதில் இல்லை. கப்பல்காரர் ஒன்றும் கேட்காமல் இறந்தகாலம் ஆரம்பித்தார்.

மே 13, செவ்வாய்

பதில் இல்லை. கடையில் ஒரு அம்மா, மகளுக்கு ஒரு அளவு பெரிதாக வாங்கிப் போனாள். "வளர்ற பிள்ளை." பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

அந்த நாட்டுத் தத்து அலுவலகம் ஒத்துக்கொண்டது. ஆனால் அவளும் சம்மதிக்க வேண்டும். இன்று அவளிடம் கேட்டோம்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்: "என் தம்பியைப் பார்த்துக்கொள்ளவா நான்?"

ஏஜென்சிப் பெண் மொழிபெயர்க்க வாயெடுத்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். எனக்குப் புரிந்துவிட்டது. என்னிடம் இருந்த அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன். இல்லை. அவனைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். உன்னையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு ஒரு மகள் வேண்டும்.

இலக்கணம் எத்தனை இடத்தில் உதைத்ததோ தெரியாது. அவள் சிரிக்கவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனாள்.

"என்னமோ நாம வேலைக்கு இன்டர்வியூ போன மாதிரி இருக்கு" என்றார் அவர். வியர்த்திருந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

வருகிறாளாம். வருகிறாளாம்!

செப்டம்பர் 12, வெள்ளி

வந்து இரண்டு வாரம். சின்னவன் அவர் தோளிலிருந்து இறங்குவதில்லை. அவள் என்னை 'செனோரா' என்கிறாள், தட்டைத் தானே கழுவுகிறாள், தம்பி சட்டையைத் தானே துவைக்கிறாள். நான் போய் வாங்கினால், நன்றி சொல்லிவிட்டு மறுபடி வாங்கிக்கொள்கிறாள். விருந்தாளி மாதிரி, அதுவும் தொந்தரவு கொடுக்காத விருந்தாளி. அவன் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுகிறாள், தன் பங்கையும் சேர்த்து. கூட்டி வந்து இன்னும் தனியாக்கிவிட்டேனோ?

அவர் சொல்கிறார்: "பாத்துக்கிட்டே இருக்கா, சொன்னேன்ல. பாக்கட்டும். நாம எங்க போகப் போறோம்?"

அக்டோபர் 19, ஞாயிறு

சாயங்காலம் சமையலறையில் இருந்தேன். ரூமில் ஏதோ முறியும் சத்தம், உடனே ஒரு அடி விழும் சத்தம், பிறகு அழுகை. அவர் எழுந்து ஓடப் போனார், "இருங்க" என்றேன்.

சின்னவன் அழுதுகொண்டு அங்கேயே நின்றான். ஓடி வந்தது பெரியவள். "செனோரா! செனோரா!" என்று கத்திக்கொண்டு, கையில் இரண்டு துண்டாகிப்போன கலர் பென்சில். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. வாயைத் திறந்துகொண்டு, மூக்கு ஒழுக, என் துணியைப் பிடித்து இழுத்து, எனக்குப் பிடிபடாத வேகத்தில் என்னென்னவோ முறையிட்டாள். அவள் பென்சில். அவளுடையது. அவன் எப்போதும் இப்படித்தான். இவ்வளவும் காதில் விழுந்த ஒன்றிரண்டு சொல்லை வைத்து நானாக ஊகித்தது. அவனைத் திட்டுங்கள் என்றது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

போய்த் திட்டினேன்.