அத்தைக்கு ஒரு விண்டோ

ஆவணி 10, புதன்
காலையிலிருந்தே காற்று. கோழிக் கொட்டகைத் தூசி லேப்டாப் மேல் ஒரே படலம். துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

முட்டை லோடு எண்ண லேப்டாப்பில் ஒரு சின்ன விண்டோ எழுதுகிறேன். ஒரு கட்டம், ஒரு பட்டன், கீழே மொத்தம். திங்கட்கிழமை நாமக்கல்லில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸில் இன்டர்வியூ. நானே எழுதி, வேறு யாராவது நிஜமாகவே பயன்படுத்துகிற ஒன்றைக் கொண்டு வரச் சொன்னார்கள். வேறு யாராவது என்றால் அத்தைதான். பண்ணையில் லாரிக்கு முட்டை அட்டைகளை எண்ணிவிடுவது மாமியாரான அவர் பொறுப்பு.

வேலைக்குப் போக ஆசை என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் விண்டோ ஓடட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். பெரிய தைரியசாலி.

பட்டன் ஓடவில்லை. விண்டோ திறந்ததும் தானாக ஒருமுறை ஓடிவிட்டு, பிறகு எத்தனை அமுக்கினாலும் சும்மா கிடக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பதன் பெயரை மட்டும் பட்டனிடம் கொடுக்க வேண்டுமாம். நான் பின்னால் பிராக்கெட்டும் போட்டு அப்போதே ஓட விட்டிருக்கிறேன். எடுத்ததும் சரி. சாம்பார் அடிப்பிடித்தது.

ஆவணி 11, வியாழன்
வெயில். முப்பதும் ஐந்தும் முந்நூற்றைந்து என்கிறது! கட்டத்தில் எதைப் போட்டாலும் அதற்கு எழுத்துதான், எண் இல்லை. ஒட்டி வைத்துவிட்டது. எண்ணாக மாற்றினேன்.

'சேர்த்தாச்சு' என்று காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் தூங்கு என்று ஒரு வரி எழுதினேன். மொத்த விண்டோவும் தூங்கிவிட்டது. வெளுத்துப்போய், இழுத்தால் நகரவில்லை. தூங்கச் சொல்லாமல், 'கொஞ்ச நேரம் கழித்து இதை அழி' என்று சொல்லிவைத்ததும் சரியாகிவிட்டது.
வாங்க: வெந்தயம், துணி சோப்பு, மவுஸுக்கு பேட்டரி.

ஆவணி 12, வெள்ளி
அவமானம். லாரி நிற்கிறது, அத்தை லேப்டாப் முன்னால். முதல் லோடிலேயே விண்டோ ஊமை. எட்டிப் பார்த்தால் கட்டத்தில், வாட்ஸப்பில் தட்டுகிற மாதிரி, 'லாபம்' என்று இருக்கிறது.

எங்கள் பக்கம் எண்ண ஆரம்பித்தால் முதலாவது 'லாபம்'. அப்புறம்தான் ரெண்டு, மூணு. முதல் அட்டையைத் தனியாக ஏற்றிவிட்டுத்தான் மற்றது அடுக்கடுக்காகப் போகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காதில் விழுகிறது, எழுதும்போது ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தில் 1 போடுங்கள் அத்தை என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை.

"மொதல்லயே ஒண்ணுன்னு போட்டா மனசுக்கு ஆகாது சாமி. நான் இப்புடித்தான் எண்ணுவேன். உம்பட பொட்டிக்கு வேணும்னா நீ சொல்லிக்குடு."

டிரைவர் ஹாரன். அத்தை எழுந்து போய் வாயாலேயே எண்ணி முடித்தார். எரிச்சலாக இருந்தது. குளித்த பிறகு யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி, வேலை தெரிந்தவர் அவர், விண்டோதான் புதுசு.

ஆவணி 13, சனி
மேகமூட்டம். லாபம் என்றால் 1 என்று எடுத்துக்கொள்ளச் செய்தேன். புரியாத வேறு எதைப் போட்டாலும் ஊமையாக நிற்காமல் 'இது எண் இல்லைங்க' என்று காட்டும். காட்டினேன். விண்டோகூட மரியாதை பழகிடுச்சா என்று அத்தை சிரித்தார். வேலை விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்து, தலைவலிக்கு மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆவணி 14, ஞாயிறு
லோடு. அடுப்படியில் நின்றபடி காது முழுக்க அங்கேயே. அத்தை கூப்பிடவே இல்லை. லாரி கிளம்பிப் போன சத்தம்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன், மொத்தம் சரியாக நிற்கிறது. சந்தோஷத்தில் கோழித்தீவன மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்கும் சொல்லவில்லை.

ஆவணி 15, திங்கள்
தூறல். நல்ல சேலை. எங்கே என்று அத்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆபீஸ்காரர் விண்டோவைத் திருப்பித் திருப்பி அமுக்கிப் பார்த்தார். இதை யார் பயன்படுத்துகிறார்கள் என்றார். மாமியார் என்றேன். பேச முடியுமா என்று கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். எந்த ஆபீஸ், எதற்காகப் பேசுகிறார் என்று எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டு, விண்டோ எப்படி இருக்கிறது என்றார்.

"நல்லா ஓடுதுங்க."

அடுத்து, சொல்லாமல் வந்ததைத்தான் கேட்பார். போச்சு என்று நினைத்தேன்.

"அங்க எத்தன மணிக்குங்க வரோணும் அவ? காலைல சமையல நான் பாத்துக்கறேனுங்க."

ஒன்பதரைக்கு என்றார் அவர், என்னைப் பார்த்து.