நெட்டைக்கு அளந்த படுக்கை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை அதற்குக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பல் முளைக்கும் காய்ச்சல் என்றாயே, விட்டதா?

வண்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று நேற்று போனில் கேட்டாய். நான் ‘ம்’ என்றேன். ‘ம்’னா என்னப்பா அர்த்தம் என்று அதட்டினாய். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அதற்கும் ‘ம்’ என்றேன். நீ கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். உன் கோபம் நியாயம்தான். ஆனால் கடிதம் என்றால் நீ நடுவில் புகுந்து பேச முடியாது, அது எனக்கு வசதி. பொறுமையாகப் படி.

உன் தம்பி அந்த வண்டியின் படத்தை உனக்கும் அனுப்பியிருப்பான். என்னிடம் காட்டியபோது, சினிமாக்காரர்கள் மேக்கப் போட வைத்திருக்கிற கேரவன்தானே என்று கேட்டேன். இல்லப்பா, இது மோட்டார் ஹோம், அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கு, லீவு விட்டா வீட்டையே ஓட்டிக்கிட்டுப் போயிரலாம் என்றான். தைச்சுத் தைச்சே உங்க முதுகு வளைஞ்சிருச்சு, உங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு ஊர் ஊரா சுத்தப்போறேன் என்றான். அம்மா அன்றைக்கே அதற்கு ‘வண்டி வீடு’ என்று பெயர் வைத்துவிட்டாள். கட்ட வேண்டியதை எல்லாம் அவனே கட்டி முடித்திருந்தான். வண்டி வருவதற்குள் அவன் வேலை செய்த இடத்தில் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரி வாசலைக்கூட அவன் உயிரோடு பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவன் போனுக்குக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. வண்டி ரெடி, வந்து எடுத்துக்குங்க என்றார்கள். போனை எடுத்தவள் அம்மா. சரி, வர்றோம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவ்வளவுதான், பிடித்த பிடியில் நின்றாள். நீ சொன்னாய், நான் சொன்னேன், ஒன்றும் ஏறவில்லை.

நான் தனியாகக் கடைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அங்கே ஆபீசில் ஒரு அம்மா இருக்கிறார், தன்மையானவர். கையெழுத்துப் போடும்வரை வண்டி கடைக்குச் சொந்தம்தான், வந்து பாருங்கள், வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார். சரி, அம்மாவுக்கு ஒரு தடவை கண்ணில் காட்டிவிட்டு, ஏதாவது சாக்குச் சொல்லி வேண்டாம் என்று வந்துவிடலாம் என்பது என் கணக்கு. உனக்கும் அப்படித்தான் வாக்குக் கொடுத்தேன். அம்மாவின் உடம்பை நினைத்துத்தான். நீ போனில் அவள் குரலை மட்டும் கேட்கிறாய். அவன் போனதிலிருந்து அவள் படுப்பதே இல்லை. படுத்தால் மூச்சு அடைக்கிறதாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடிய விடியச் சுவரைப் பார்க்கிறாள். கால் வீங்கிப்போயிருக்கிறது. இப்படியே போனால் இன்னொன்றும் நடந்துவிடும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இதை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

கடை என்றால் கடை இல்லை, பெரிய மைதானம். வெள்ளை வெள்ளையாக வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிக் காட்ட ஒருவரை அனுப்பினார்கள். ஒல்லி ஆள், வாய் ஓயவில்லை. ஆபீஸ் அம்மா அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. வந்ததும் வராததுமாக, குடுத்து வச்சவங்கய்யா நீங்க, இந்த வயசுல ஜோடியா கிளம்பிட்டீங்க என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஆமாங்க என்றாள். அப்புறம் என்ன, நானும் தலையை ஆட்டினேன்.

ஒருத்தர் கேளுங்க, ஒருத்தர் போன்ல படம் பிடிங்க, வீட்டுக்குப் போனா பாதி மறந்துரும் என்றார். அம்மா படம் பிடித்தாள். நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், அழுக்குத் தண்ணீருக்கு ஒரு டேங்க். ஊற்றுகிற வாய் இது, திறந்துவிடுகிற குழாய் அது. இஞ்சினுக்கு ஒரு பேட்டரி, விளக்குக்கும் ஃபேனுக்கும் வேறு பேட்டரி. முதலாவது செத்தால் வண்டி நகராது, இரண்டாவது செத்தால் இருட்டில் உட்கார வேண்டியதுதான். சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது, காஸ் கசிந்தால் கீழே போய்விடுவதற்காக. அழகாக இல்லை என்று துணியைத் திணித்து அடைத்துவிடக் கூடாதாம். கிளம்பும் முன் கூரை ஜன்னலை மூட வேண்டும், படியை மடக்க வேண்டும். வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் மேலே ஒட்டியிருந்தார்கள். பாலத்துக்கடியில் போகும்போது சாமியைக் கும்பிடுவதைவிட அதைப் பார்ப்பது நல்லது என்றார். கக்கூஸ் பெட்டியை வெளியே இழுத்துக் காட்டி, இதைக் கொட்டிக் கழுவுறது மட்டும் எப்பவும் வீட்டுக்காரர் வேலை என்று சொல்லி அவரே சிரித்தார். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அம்மா மட்டும் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டாள். பிரிட்ஜ் ஓடும் வண்டியிலும் வேலை செய்யுமா, அடுப்பில் பால் வைத்தால் பொங்கி வழியாதா என்று கேள்வி வேறு. வீட்டில் ஒரு நாளில் அவள் அத்தனை வார்த்தை பேசுவதில்லை.

புதிதாக எடுப்பவர்கள் அன்று ராத்திரி அங்கே மைதானத்திலேயே தங்கிப் பார்க்கலாமாம், ஏதாவது கோளாறு என்றால் காலையில் அவர்களே சரிசெய்து கொடுப்பார்களாம். ஆக, முதல் ராத்திரி எங்க கடை செலவுதான் என்று அந்த ஆள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா சொல்.

பிறகு பின்பக்கம் படுக்கையைக் காட்டினார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நீங்க ரெண்டு பேரும் இவ்வளவுதான் இருக்கீங்க, எதுக்கு இவ்வளவு நீளமான படுக்கை, தனியா சொல்லிச் செஞ்சிருக்கீங்களே என்றார். அம்மா போனைக் கீழே இறக்காமலே, எங்க பையன் நெட்டைங்க, அவனுக்குத்தான் என்றாள். அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே என்றார் அவர். அவனுக்கு லீவு கிடைக்கலை என்றாள் அம்மா. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் குளியலறைக் கதவைத் திறந்தார். பாதி திறந்து, படுக்கையின் கால்மாட்டில் ‘டொக்’ என்று இடித்து நின்றுவிட்டது. மறுபடி திறந்தார், மறுபடி ‘டொக்’. அவர் முகம் மாறியது. என்னைக் கீழே கூட்டிக்கொண்டு வந்து, ஆர்டரைப் பார்த்து, போய் டேப் வைத்து அளந்துவிட்டு வந்தார். வேலையில தப்பில்லைய்யா, நீங்க குடுத்த அளவுதான் தப்பு, இவ்வளவு நீளத்துக்கு மனுஷனே கிடையாது என்றார்.

அந்த அளவைக் கொடுத்தவன் நான்தான். ஆர்டர் போடும் முன் உன் தம்பி என் தையல் கடைக்கு வந்து, எந்தக் கட்டில்ல படுத்தாலும் கால் வெளியே தொங்குதுப்பா, சரியா அளந்து சொல்லுங்க என்று நின்றான். ஸ்டூலில் ஏறி டேப் போட்டு அளந்தேன். மடித்துத் தைக்க இரண்டு விரல், துவைத்தால் சுருங்குவதற்கு இரண்டு விரல், கை பழக்கத்தில் கூட்டித்தான் சொன்னேன். அவன் தலையணைக்கு என்று தன் பங்குக்குக் கூட்டியிருப்பான். கட்டில் பலகை தண்ணீரில் சுருங்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. சிரிக்க வேண்டிய விஷயம். சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. இப்போதெல்லாம் எனக்கு இப்படித்தான் இருக்கிறது. ஊசி விரலில் ஏறினால்கூட ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

அந்த ஆள் நல்ல மனதோடுதான் சொன்னார். இதோட எடுக்காதீங்கய்யா, விட்டுட்டுப் போங்க, வெட்டிச் சின்னதாக்கித் தர்றோம், இல்ல வேணாம்னாலும் உங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்க முடியாது, கையெழுத்துப் போட்டுக் கேட்டைத் தாண்டிட்டீங்கன்னா அப்புறம் எங்களுக்கு உங்க முகமே ஞாபகம் இருக்காது என்றார். நான் தேடிக்கொண்டிருந்த சாக்கு அதுவாகவே வந்து வாய்த்தது. குறையுள்ள சாமான் வேண்டாம் என்றால் அம்மா மறுக்க மாட்டாள். ஒரு பிசிறு தொங்கினால்கூட நம் கடையிலிருந்து துணி வெளியே போகாது என்று உனக்கே தெரியும். இதைச் சொல்லித் திரும்பக் கூட்டிவந்துவிடலாம் என்று படியேறினேன்.

அம்மா படுத்திருந்தாள். தப்பாக எழுதவில்லை மகளே, படுத்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேலே போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்காமல், சுவர்ப்பக்கம் திரும்பிக் காலை நீட்டிப் படுத்திருந்தாள். நான் பயந்துபோய்க் கிட்டே போய்ப் பார்த்தேன். லேசாகக் குறட்டை வந்தது.

என் பின்னாலேயே வந்த அந்த ஆள் வாயைத் திறந்தார். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு பேரும் திருடன் மாதிரிக் கீழே இறங்கினோம். கதவை மூடினால் சத்தம் கேட்குமே என்று அப்படியே சாத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் அம்மா காகிதங்களோடு வந்தார். அந்த ஆளைத் தள்ளிக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்தவர் பேயறைந்த மாதிரி இருந்தார். தெரியாம என்னென்னவோ பேசிட்டேன்யா, மன்னிச்சிருங்க என்றார். நீங்க பேசினது நல்லாத்தான் இருந்தது என்றேன். உண்மையும் அதுதான். நம்மிடம் யார் வந்தாலும் குரலைத் தாழ்த்தித்தானே பேசுகிறார்கள். அவர் ஒருத்தர்தான் சத்தமாகப் பேசினார். அதுவும் போயிற்று.

பக்கத்தில் ஒருவன் தண்ணீரைப் பீய்ச்சி வண்டி கழுவிக்கொண்டிருந்தான். அந்த ஆள் அவனிடம் போய் அதை நிறுத்தச் சொன்னார். எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அடுத்து வண்டி எடுக்க வந்தவர்களைக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். நான் வண்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். வெயில் முகத்துக்கு வந்ததும் நாற்காலியை நகர்த்தலாமா என்று யோசித்தேன். கிரீச்சிடும் என்று நகர்த்தவில்லை.

ஆபீஸ் அம்மா மெதுவாக வந்து, படுக்கையை வெட்டச் சொல்லி எழுதட்டுமா, இல்லை வேண்டாம் என்று எழுதட்டுமா என்று கேட்டார். வெட்ட வேண்டாம், அளவு சரியாகத்தான் இருக்கிறது என்றேன். காகிதத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் அம்மா தானாக எழுந்தாள். முகமெல்லாம் பிளாஸ்டிக் உறையின் சுருக்கம் பதிந்திருந்தது. எழுப்ப மாட்டீங்களா, நாலு பேர் என்ன நினைப்பாங்க என்று என்னைத் திட்டினாள். எத்தனை காலத்துக்குப் பிறகு திட்டு வாங்கினேன் தெரியுமா. பிறகு, கையெழுத்துப் போட்டாச்சா என்றாள். ‘ம்’ என்றேன். வண்டியை நான்தான் ஓட்டிவந்தேன். ஊர்ந்து ஊர்ந்து வந்ததால் பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான், ஒருவன் கையை ஆட்டி ஏதோ சொல்லிவிட்டும் போனான். போகட்டும்.

இப்போது அது நம் வீட்டை ஒட்டி நிற்கிறது. கடை ஜன்னலுக்கு வெளிச்சம் வரவில்லை, விளக்குப் போட்டுத்தான் தைக்கிறேன். குளியலறைக் கதவு இன்னும் இடிக்கிறது, நான் ஒருக்களித்து நுழைந்து பழகிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரர் எப்பக் கிளம்புறீங்க என்று தினமும் கேட்கிறார். பார்க்கலாம் என்கிறேன். எங்கேயும் போகும் யோசனை இப்போது இல்லை. மத்தியானம் சாப்பிட்டதும் அம்மா சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். மெஷின் சத்தத்தில் விழித்துவிடக் கூடாதே என்று அந்த நேரத்தில் நான் கையால் பட்டன் துளைகளுக்குக் காஜா மட்டும் எடுக்கிறேன். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

கண் எதிரிலேயே நின்றால் அவனையே நினைத்து நினைத்து உருகுவாள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்கிறாய். உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. நீயும் அவனைத் தூக்கி வளர்த்தவள், தூரத்தில் தனியாக உட்கார்ந்து அழுகிறாய், பக்கத்தில் நான் இல்லை. ஆனால் அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கிற பேச்சையோ விற்கிற பேச்சையோ எடுக்காதே. எனக்காக இதை ஒன்று செய். குழந்தைக்கு உடம்பு தேறியதும் முடிந்தால் வா. அந்தப் படுக்கையில் நீயும் அவளும் குழந்தையும் தாராளமாகப் படுக்கலாம், இடம் இருக்கிறது.

இன்னும் ஒன்று. எப்போது வேண்டுமானாலும் போன் செய், அர்த்த ராத்திரியில்கூடச் செய், நான் எடுக்கிறேன். மத்தியானத்தில் மட்டும் செய்யாதே மகளே. அம்மா தூங்குவாள்.

நீங்கள் மூன்று பேரும் நெடுநாள் இருக்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா