ஒரு பிடி கரும்புச் சோகை

திருப்பதி
9.2.2024

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் பிரிட்ஜ் பழுதாகி, நம் கரும்புக் கொல்லையில் மட்கிக் கிடந்த சோகையிலிருந்து எடுத்து வளர்த்த பூஞ்சை முழுவதும் செத்துப்போனது. அதன் நொதியின் வடிவத்தைத்தான் இத்தனை நாளாகத் தேடுகிறேன். நடுவில் ஒரு சுரங்கம் இருக்கும் என்று நினைக்கிறோம். சோகையின் செல்லுலோஸ் இழை அதற்குள் நுழைந்து, மறுபக்கம் சர்க்கரையாக வெட்டுப்பட்டு வெளியே வரும். நொதி பிடித்த பிடியை எளிதில் விடாது. அதைப் படிகமாக வளர்த்தால்தான் எக்ஸ்ரேயில் வடிவம் தெரியும்.

ஊருக்கு வரக் கைடு லீவு தரவில்லை. "புருஷனா, பிஎச்டியா, ஒண்ணை முடிவு பண்ணு" என்கிறார். கல்யாணமான ஆண்கள் யாரிடமும் அவர் இதைக் கேட்டதில்லை.

மட்கிய சோகை ஒரு பிடி அனுப்புங்கள். ஈரம் காயக் கூடாது. மிச்சத்தைக் கொளுத்திக்கொள்ளலாம்.

உங்கள் தரணி

கார்வேட்டிநகரம்
14.2.2024

தரணிக்கு,

சோகைக்காகவாவது நீ வருவாய் என்றிருந்தேன்.

பஸ் கண்டக்டர் ஹரிபாபுவிடம் கொடுத்தனுப்புகிறேன். "அவனவன் பொண்டாட்டிக்குப் பூ வாங்கினு போறான், நீ குப்பை அனுப்புறியேடா" என்று சிரித்தான். அம்மாதான் மூட்டை கட்டினாள். "எம் மருமவ கேட்டது, சும்மாவா அனுப்புறது?" என்றாள். மிச்சத்தை நைனா கொளுத்திவிட்டார்.

சாயங்காலம் திருப்பதி பஸ் வந்தால் என்னையறியாமல் எழுந்து நிற்கிறேன்.

யோகேஷ்

திருப்பதி
27.2.2024

மாமா,

அத்தை சோகையை மஞ்சளில் முக்கிய துணியில் கட்டியிருக்கிறார். வீட்டை விட்டுப் போகும் நல்ல பொருள் எதையும் அவர் அப்படித்தான் கட்டுவார். தெரிந்தும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஈரத்தில் மஞ்சள் உள்ளே இறங்கிப் பூஞ்சையைக் கொன்றுவிட்டது. தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.

"உங்க பல்லெட்டூர் பட்டிக்காட்டு ஜனம் பூஞ்சைக்கும் பொட்டு வெப்பீங்களா?" என்று கைடு எல்லோர் முன்னாலும் கேட்டார். "புது மெஷினுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினது யாரு சார்?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என் மேசையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்.

அத்தையிடம் சொல்லாதீர்கள், அழுவார். ஊரில் வேறெங்காவது மட்கிய சோகை இருக்கிறதா? இருந்தால் லீவு கேட்காமலே வருகிறேன்.

தரணி

கார்வேட்டிநகரம்
3.3.2024

தரணி,

ஊரெல்லாம் தேடிவிட்டேன். அவரவர் கொல்லையில் கொளுத்திவிட்டார்கள்.

இருக்கிறது, வா என்று பொய் எழுதலாமா என்று பார்த்தேன். எழுதினால் வந்துவிடுவாய். வந்து கரியைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாய்.

ஒரு பிடிகூட இல்லை. உன்னை வரச்சொல்ல என்னிடம் இப்போது எந்தக் காரணமும் இல்லை.

சும்மா வா.

யோகேஷ்