பதினொரு வீட்டுக்கும் என் நம்பர்

அன்பு மகள் நிலூஷாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் நீயும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கொட்டாஞ்சேனையில் அம்மாவுக்கு டெங்கு, மூன்று நாளாக வார்டில் இருக்கிறாள். போனில் கதைத்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன், படம் பிடித்து அனுப்புவேன். பிளேட்லெட் இன்று காலை இருபத்திரண்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது, நாளைப் பின்னேரத்தைத் தாண்டினால்தான் பயமில்லை என்று டொக்டர் சொன்னார். குடிக்கிற தண்ணீரையும் அளந்துதான் கொடுக்கிறார்கள். ஆண்டவர் சித்தம் என்றால் மனதைத் தேற்றிக்கொள்வேன் மகள், ஆனால் இதில் என் பிழை இருக்கிறது.

காய்ச்சல் வந்தால் போனில் பதிகிற புது ஆப் ஒன்று எங்கள் பகுதிக்கு வந்தது. ஒரே இடத்தில் பல வீடுகளில் காய்ச்சல் என்றால் கம்ப்யூட்டர் தானே கண்டுபிடித்து, சுகாதார ஒபிசிலிருந்து நுளம்புக்குப் புகை அடிக்க ஆட்களை அனுப்பவைக்கும். துறைமுகத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து படிவம் நிரப்பியவன் நான், விடுவேனா? ஃபிளாட்ஸில் பதினொரு வீட்டையும் நானே பதிந்தேன், சிங்களத்தில் அழைப்பு வந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே என்று எல்லாவற்றுக்கும் என் நம்பரையே போட்டேன். அந்தக் கம்ப்யூட்டருக்கோ ஒரு நம்பர் என்றால் ஒரு வீடுதான். ஆறு வீட்டுக் காய்ச்சலை நான் ஒவ்வொன்றாகப் பதிந்தும் அது ஒரு வீடென்றே எண்ணியது, ஒருவரும் வரவில்லை, நானும் அவர்களைத் திட்டிக்கொண்டு இருந்தேன். அம்மா காய்ச்சலில் விழுந்த பிறகு ஒபிசுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன், அங்கிருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள், எங்கள் ஃபிளாட்ஸுக்கு என் பெயர் மட்டும் ஒரே வீடாகத் தனியே நின்றது. ஓடிவந்து கதவு கதவாகத் தட்டி அவரவர் நம்பருக்கு மாற்றினேன். அன்று பின்னேரமே ட்ரோன் பறந்தது, மொட்டைமாடியில் மூடியில்லாத பழைய தண்ணீர்த் தாங்கியைக் காட்டியது, புகையும் அடித்தார்கள். பதினாலு நாள், இரண்டு கிழமை பிந்திவிட்டது.

பக்கத்து வீட்டு றோஸி கஞ்சி கொண்டுவந்து, அங்கிள் நீங்க இல்லாட்டி எங்களுக்கு ஆர் இதெல்லாம் செய்து தாறது என்று சொன்னாள். அம்மாவும் பக்கத்துக் கட்டில்காரியிடம், எங்கட இவர்தான் எல்லாருக்கும் பதிஞ்சு குடுத்தவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருக்கிறது மகள், அதைவிடப் பயமாக இருக்கிறது. அவள் எழும்பி வந்து, உண்மையைக் கேட்டு, என்னை வாய் நிறைய ஏச வேண்டும்.

அம்மாவுக்காக ஒரு செபமாலை சொல்லு, போனை அணைத்து வைக்காதே. எப்போதும் வேலையைப் பார், லீவு போட்டு ஓடி வராதே என்றுதான் எழுதுவேன். இப்போது வா மகள்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

அன்புள்ள அப்பா,
டெரிக்