வெறும் நூல்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
பவ வருஷம் ஐப்பசி 18 (3-11-1934)

சீமைக்குப் போயும் என்னை மறக்காத ஹயக்ரீவனுக்கு, மூன்றாம் வகுப்பில் உன் பலகையைப் பார்த்து எழுதித் தேறிய நமச்சிவாயம் எழுதுவது. இங்கே நான், குழலி, தறி மூவரும் சௌக்கியம். மூவரில் அதிகம் சத்தம் போடுவது தறி இல்லை.

நாற்பத்திரண்டு வயதில் காலேஜ் வேலைக்கு லீவு போட்டு, கப்பலேறிப் போய், குளிரில் பாசி வளர்க்கிறாயாம். பாசிதான் வேண்டுமென்றால் வரதர் கோயில் குளத்துப் படியில் வழுக்கி விழுகிற அளவுக்கு இருக்கிறதேப்பா!

ஆனாலும் உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். கெல்ப் என்கிறாயே, ஆளைவிட நீளமான பழுப்புப் பாசி, அதற்கு அம்மா ஜாடையில் பிள்ளை பிறப்பதில்லையாம். கண்ணுக்கே தெரியாத இழைகளாய்ப் பிறக்கிறதாம். அந்த இழைகளில் ஆண், பெண் உண்டாம். அவை கூடினால் மறுபடி ஆள் உயரப் பாசியாம். குளத்துக்கடியில் நாற்பது வருஷம் படுத்திருந்து வெளியே வரும் நம் அத்தி வரதர் மாதிரி, நடுவில் ஒரு தலைமுறையே ஒளிந்திருக்கிறது! குழலியிடம் சொன்னேன். "கண்ணுக்கே தெரியாததுல ஆம்பள எது பொம்பள எதுன்னு அவருக்கு எப்பிடித் தெரியுதாம்?" என்கிறாள். பதில் எழுது. இல்லாவிட்டால் பெண்டாட்டி கையால் எனக்குச் சோறு கிடைக்காது.

அந்த இழைகள் கண்ணாடித் தட்டில் ஒட்டாமல் வழுக்கிப் போகின்றன, பிடித்துக்கொள்ள வெறும் பட்டு நூல் அனுப்பு என்றாயே, இரண்டு முழம் இத்துடன் வைத்திருக்கிறேன்.

கடல் தாண்டின பிள்ளையின் கடிதம் தன் வீட்டுக்குள் வரக்கூடாதென்று உங்கப்பா இன்னும் பிடிவாதம். ஆகவே நானே உன் வாசலில் நின்று உரக்கப் படிக்கிறேன். உன் சம்சாரம் அம்ருதவல்லி அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறார். உங்கப்பா முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்காதவர்போல உட்கார்ந்திருப்பார். நான் கிளம்பியதும் செம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தீட்டுக் கழிய நான் நின்ற இடத்தில் தெளிப்பார். என் புண்ணியத்தில் உன் வாசல் வாரம் ஒருமுறை குளிக்கிறது.

உன் நமச்சிவாயம்

கடற்கரை ஆராய்ச்சி நிலையம், இங்கிலாந்து
28-11-1934

அன்புள்ள நமச்சிவாயத்துக்கு,

நூல் வந்தது. குழலிக்குச் சொல்: பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆண் இழை மெலிந்து வெளிறியிருக்கும், பெண் இழை தடித்திருக்கும். உன் தறியில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய பாவும் குறுக்கே ஓடும் தடித்த ஊடையும்போல என்று வைத்துக்கொள்ளேன்.

இங்கே ஒரே கரையில் இரண்டு விதக் கெல்ப் இருக்கின்றன. ஒன்றின் இலை கைவிரல்கள்போலப் பிளந்திருக்கிறது. மற்றது பிளவே இல்லாமல், ஓரம் சுருங்கிய முந்தானைபோல நீண்டிருக்கிறது. அதை அலை கிழித்ததா, பிறப்பே அப்படியா? இரண்டும் ஒரே வம்சமா? பிளந்ததன் ஆணையும் பிளவாததன் பெண்ணையும் சேர்த்து, பிள்ளை பிறக்கிறதா என்று பார்க்கப் போகிறேன். மரஞ்செடிகளுக்கு இந்தப் பழுப்புப் பாசிகள் பங்காளிகள்கூட இல்லை. இவற்றின் வம்சம் எங்கே கிளைத்ததென்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது.

உன் நூலை ஏழாக வெட்டி ஏழு தட்டுகளில் இட்டேன். கையிலிருந்த இழைகள் அத்தனையும் அவற்றில்தான். பங்குனியோடு லீவு முடிகிறது. இந்த ஏழும் பொய்த்தால் வெறுங்கையோடு அப்பா முன்னால் வந்து நிற்க வேண்டும்.

ஹயக்ரீவன்

6-12-1934

நமச்சிவாயம்,

ஆறு தட்டுகளில் நான்காம் நாளே தண்ணீர் பால்போல வெளுத்து நாறிவிட்டது. இழைகள் செத்துவிட்டன. கடல்நீரை வடிகட்டினேன், தட்டுகளைக் கொதிக்கவைத்தேன், என்ன தவறென்று புரியவில்லை. ஏழாவதில் மட்டும் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. அதையும் பார்க்க மனமில்லாமல் ஜன்னலோரம் தள்ளி வைத்திருக்கிறேன். திரும்ப ஆரம்பிக்க நாளில்லை. இதை மட்டும் வாசலில் படிக்காதே.

ஹயக்ரீவன்

பிள்ளையார்பாளையம்
மார்கழி 15 (30-12-1934)

ஹயக்ரீவா,

இந்தக் கடிதத்தில் கேலி இல்லை, தேடாதே.

என்ன தவறென்று கேட்டாயே, அது இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது. நீ வெறும் நூல் கேட்டாய். எங்களுக்கு வெறும் நூல் என்றால் சாயம் ஏறாதது, ஜரிகை சேராதது. கஞ்சியை நாங்கள் தனியாக ஒரு பொருளாகவே நினைப்பதில்லை. நமக்குத் தோல் எப்படியோ, பாவு நூலுக்குக் கஞ்சி அப்படி. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி தோய்த்த அன்றைக்கு உன் இரண்டு முழத்தையும் தோய்த்தேன். சீமைக்குப் போகிற நூல், துவளாமல் நிற்கட்டும் என்று இரண்டாம் தரமும் தோய்த்தேன்.

"கடல் தண்ணில ஊறப்போற நூலுக்குக் கஞ்சி எதுக்குய்யா? அது இன்னா கண்ணாலத்துக்கா போவுது?" என்று குழலி அப்போதே கேட்டாள். "உனக்கு இன்னா தெரியும், போ" என்றேன். அரிசிக் கஞ்சி தண்ணீரில் கிடந்தால் நான்காம் நாள் என்ன ஆகுமென்று எங்கள் வீட்டுப் பானைக்கே தெரியும். எனக்குத் தெரியவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நமச்சிவாயம்

தை 29 (11-2-1935)

ஹயக்ரீவா,

நாற்பது நாளுக்கு மேலாகிறது. தபால்காரர் குப்புசாமி என்னைக் கண்டால் "ஒண்ணும் இல்லப்பா" என்று தூரத்திலேயே கையை விரிக்கிறார். உன் வாசலில் படிக்கக் கடிதம் இல்லாமல், பாசி நன்றாக வளர்கிறதாம் என்று வாயால் சொல்லிவிட்டு வந்தேன். உங்கப்பா முதல் தடவையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பொய்யென்று தெரிந்திருக்கும்.

நமச்சிவாயம்

இங்கிலாந்து
14-2-1935

அன்புள்ள நமச்சிவாயத்துக்கு,

உன் மார்கழிக் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது உண்மை. இரண்டு வாரம் பேனாவைத் தொடவில்லை. உன்மேல் கொஞ்சம், நெசவுக்காரனிடம் ‘வெறும்’ என்று மட்டும் எழுதிவிட்ட என்மேல் நிறைய.

பிறகுதான் ஒரு கேள்வி குடைந்தது. எல்லா நூலிலும் கஞ்சி என்றால் ஏழாவது தட்டு ஏன் நாறவில்லை? ஜன்னலோரத்திலிருந்து எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்தேன். நூல் நெடுக எறும்பின் கால் அளவில் பழுப்பு இலைகள்! எண்ணினேன், பதினொன்று. பிளந்ததும் பிளவாததும் கூடிப் பெற்ற பிள்ளைகள். இவை பிளக்குமா, அம்மாபோல நீளுமா என்பது வளர்ந்தால்தான் தெரியும். இங்குள்ள பெரிய துரை பார்த்துவிட்டு, எனக்கு இன்னும் ஒரு வருஷம் லீவு கேட்டுக் காலேஜுக்கு எழுதியிருக்கிறார்.

இப்போது நீ சொல். நூலின் ஒரு முனை மட்டும் கஞ்சியில் படவில்லையா? இந்தக் கடிதத்தை வாசலில் படிக்கலாம்.

ஹயக்ரீவன்

பிள்ளையார்பாளையம்
மாசி 24 (8-3-1935)

பதினொரு பிள்ளை பெற்ற ஹயக்ரீவனுக்கு, அந்தப் பிரசவத்துக்குச் சீமைக்கு வராமலே மருத்துவம் பார்த்த நமச்சிவாயம் எழுதுவது.

படவில்லை. தோய்க்கும்போது நூல் நழுவாமலிருக்க முனையை என் வலது ஆட்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வேன். கஞ்சி அதுவரை ஏறாது. உன் ஏழாவது துண்டு அதுதான். விரல் சும்மா இருந்திருந்தால் ஏழும் செத்து, பங்குனியில் நீ ஊர் வந்து சேர்ந்திருப்பாய். இப்போது இன்னும் ஒரு வருஷம் வரமாட்டாய். என்ன சிநேகம் பார் இந்த விரலுக்கு!

அவை பிளந்தால் உடனே எழுது. நான் பிளக்கும் என்கிறேன், குழலி அம்மா ஜாடைதான் வரும் என்கிறாள். இரண்டு சாதிப் பாசிக்கு நீ கலியாணம் செய்துவைத்த இடத்தை வாசலில் கொஞ்சம் மெதுவாகப் படித்தேன். அம்ருதவல்லி அம்மா கதவுக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது, உங்கப்பாவுக்கும் கேட்டிருக்கும். படித்து முடித்து, என் விரல் சங்கதியையும் சொன்னேன். கடிதத்தை மடிக்கும்போது உங்கப்பா எழுந்து வந்தார்.

"எந்த விரல்டா அது?" என்றார்.

நீட்டினேன். குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியில் நீ பாசியைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். "அடுத்த கடுதாசி எப்போ வரும்?" என்றார். "வர ஒரு மாசம் ஆவும், சாமி" என்றேன். உள்ளே போய்விட்டார்.

தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். செம்பு வெளியே வரவில்லை. மறந்துவிட்டாரோ என்னவோ. நானும் போய் ஞாபகப்படுத்தவில்லை.

உன்
நமச்சிவாயம்